பாத்திரமும் பசியும்

தானம் என்றதும் நம் உள்ளத்தில் முதலில் எழுவது 'பாத்திரம்' என்னும் சொல்லே. முனிவர் தலையாய பாத்திரம். விரதமேற்ற சாவகர் இடை. நற்காட்சி மட்டும் உடையவர் கடை. பெறுவோரின் தகுதியே தானத்தின் பயனை உயர்த்தும் என்று இளமை முதல் கேட்டு வளர்ந்துள்ளோம்.

நாடு கடந்து நடைபெறும் துயர்தீர்க்கும் பணியோ வேறொரு விதியில் நிற்கின்றது. 1859ஆம் ஆண்டு இத்தாலியில் சோல்ஃபெரினோப் போரில் காயமுற்றோரை, எந்நாட்டார் என்று கேளாமல் பேணிய ஊர்ப்பெண்களைக் கண்டு உருகியவர் ஹென்றி துனாந்த். அவர் ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர். ஆயினும் அவர்தம் முயற்சியால் 1863இல் ஜெனீவாவில் தோன்றிய செஞ்சிலுவை இயக்கம் துன்புற்றோரிடம் சமயம் கேட்பதில்லை. (அச்சிலுவையையே சமயச் சின்னமாகக் கருதித் துருக்கியர் 1876இல் செம்பிறையை ஏற்றனர் என்பது வேறு கதை.) 1994இல் அவ்வியக்கத்தாரும் பிற தொண்டு நிறுவனத்தாரும் வகுத்த நடத்தை நெறி, தேவை ஒன்றையே கருதி உதவுக என்கின்றது, உதவியைக் கொண்டு சமயக் கருத்தைப் பரப்புதலையும் விலக்குகின்றது.

அங்ஙனமாயின் நம் பாத்திர விதி குறுகியதோ? அன்று என்பதே என் துணிபு. ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி என்பவற்றோடு தயாதத்தியையும் தனியே வைத்தார். அஞ்சும் உயிரின் அச்சம் களைவது தயாதத்தி. அங்கே தகுதி ஆராய்தற்கு இடமே இல்லை. பிழை நூலில் இல்லை, இரண்டையும் கலந்துவிடும் நம்மிடத்தே உள்ளது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அரிசி மூட்டைகளைப் பிரிக்கையில், "முதலில் நம்மவர் வீடுகள் எவை?" என்று கேட்டவன் நானே. சமதத்திக்குரிய கேள்வியை, நீரில் நிற்பவரைக் காணும் வேளையில் கேட்டேன். அருகிலிருந்த அம்மையார் ஒருவர் மறுமொழி கூறாமல், தெருமுனையிலிருந்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே சென்றார்.

மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் இராமசந்திர சர்மாவும் உருவாக்கிய செயற்கைக்கால், ஜெய்ப்பூர்க்கால் எனப் பெயர் பெற்றது. 1975 முதல் அதனை இலவசமாக வழங்கிவரும் நிறுவனம் பகவான் மகாவீரர் பெயரையே தாங்கியுள்ளது. பெயரைத் தாங்கலாமா என்று வினவுவோர் உளர். எனக்கு அதில் தடையில்லை. கொடுப்பவன் தன் நெஞ்சின் ஊற்றை மறைக்க வேண்டுவதில்லை, பெறுபவனை அதில் நீராடச் சொல்லாதவரை. மேலைநாட்டுச் செயற்கைக்காலுக்குக் காலணி வேண்டும், இதற்கு வேண்டா. வெறுங்காலாய் வயலில் நடக்கலாம், தரையில் அமரலாம். ஆப்கானிஸ்தானத்தில் கண்ணிவெடியால் காலிழந்தோர்க்கும் அது சென்றது. அதனை அணிந்தவர், செருப்பில்லாமலே தம் பள்ளிவாசலுள் நுழையலாம்.