ஓசையும் குற்றமும்

‘இதற்கு யார் காரணம்?’ என்று ஒருவர் கேட்கும்போது, அவர் காரணத்தைத் தேடுகிறாரா, குற்றவாளியைத் தேடுகிறாரா என்பது அக்கேள்வியிலிருந்து மட்டும் விளங்குவதில்லை. இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. காரணத்தைக் குறிக்க அரிஸ்டாட்டில் கையாண்ட ‘அயித்தியா’ என்னும் கிரேக்கச் சொல், ஒருவர்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டையும் குறித்து வந்த சொல்லாகும். பொருட் காரணம், வடிவக் காரணம், செயற் காரணம், நோக்கக் காரணம் என அவர் வகுத்த நான்கையும் குருமடத்தில் மெய்யியல் பயிலும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்வதுண்டு. அந்தப் பாடத்தின் பயன் எனக்குத் தெளிவாக விளங்கியது நூலகத்தில் அன்று; உயர்த்தப்பட்ட ஒரு ஜீப்பின் அடியில்தான். அந்நிகழ்ச்சியை முன்னிட்டுக் காரணத்துக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று ஆராய்வோம்.

தறியோசைக்குப் பேர்போன அருப்புக்கோட்டையை விட்டுத் திருச்சுழி நோக்கிச் செல்பவர் காண்பது வானம் பார்த்த பூமி. கண்மாய்களும் சீமைக்கருவேலங் காடுகளும் கரிசலும் மாறி மாறி வரும். குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலையே காணலாம். கரிசல் மண்ணின் இயல்பு தனியானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். இவ்வாறு ஆண்டுதோறும் உப்பியும் சுருங்கியும் அசையும் மண்ணின்மேல் எந்தப் பாதையும் சமமாக நிலைப்பதில்லை. மழைக்காலத்தில் வண்டித்தடம் ஆழமாகப் பதிந்து, வெயிலில் அப்படியே கல்லாக இறுகிவிடும். தாழ்ந்த ஊர்தியின் அடிவயிறு அத்தடத்தின் நடுமேட்டில் தட்டி நிற்கும்.

ஆகவே இத்தகைய பாதைகளில் ஜீப்பை உயர்த்தி ஓட்ட விரும்புவோர் உண்டு. 1941 முதல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் உலகப் போருக்காகப் பெருமளவில் உருவாக்கிய அந்த ஊர்தி, போருக்குப் பின் நம் நாட்டிலும் கரடுமுரடான பாதைகளுக்கு உரியதாக வேரூன்றியது. அதன் பாரத்தைத் தாங்குவது பட்டை எனப்படும் வில்தொகுதி. நீளம் படிப்படியாகக் குறையும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கோத்து, ‘யூ’ வடிவப் போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். ஒரு முனை ஊர்தியின் சட்டத்தோடு பிணைந்திருக்கும். மறுமுனை ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். பாரத்தில் பட்டை தட்டையாகி நீளும்போது அந்த நீட்சிக்கு இடம் தருவது ஷேக்கிள். எஃகும் எஃகும் நேரே உரசாதபடி ஒவ்வோர் இணைப்பிலும் ரப்பர் புஷ் ஒன்று அமர்ந்திருக்கும். ஊர்தியை உயர்த்துவோர் வளைவு மிகுந்த பட்டையைப் பூட்டுவார்கள்; அல்லது நீண்ட ஷேக்கிளை மாட்டுவார்கள். ஒரு முனை மட்டுமே இறங்குவதால், ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் அச்சின் நேரே சட்டம் ஏறக்குறைய 1 அங்குலமே உயரும்.

இப்பகுதியில் ஒருவர், சிற்றூர்களிலிருந்து பால் கேன்களை ஏற்றி வருவதற்காகத் தம் பழைய ஜீப்பை இவ்வாறு உயர்த்தினார். சில மாதங்களில் அது ஓசையிடத் தொடங்கியது. மெதுவாகப் போகையில் ‘கிறீச்’ என்றும், பள்ளத்தில் இறங்குகையில் ‘டக்’ என்றும் இடப்புறம் பின்பக்கத்திலிருந்து கேட்டது. ஓட்டுநர்தான் முதலில் அதைச் சொன்னார். சொன்னவர்மீதே ஐயம் விழுந்தது. பள்ளம் பாராமல் ஓட்டியிருப்பார் என்று உரிமையாளர் முடிவு செய்தார். பின்பக்க ஷாக் அப்சார்பர்களை மாற்றி, அச்செலவை ஓட்டுநரின் கூலியில் இரண்டு மாதங்களாகப் பிடித்துக்கொண்டார். ஓசையோ நிற்கவில்லை.

காது இங்கே ஏன் ஏமாறுகிறது? காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எஃகிலோ 5000 மீட்டருக்கும் மேல் செல்லும், அதிகம் தேய்வதுமில்லை. ஒரு மூலையில் பிறந்த அதிர்வு சட்டத்தின் வழியே மறுமூலைக்குக் கண்ணிமைக்குமுன் சென்றுவிடுகிறது. அங்கே பரந்த தகடு ஒன்று இருந்தால், அத்தகடே அதிர்ந்து காற்றை அசைத்து நம் காதுக்கு ஓசையாக அனுப்புகிறது. நாம் கேட்கும் இடம் பல நேரங்களில் அதிர்வு வெளியேறும் இடமே. அது பிறந்த இடம் வேறாக இருக்கலாம்.

இறுதியில் முதிய மெக்கானிக் ஒருவர் அந்த ஜீப்பைப் பார்த்தார். அவர் அதை ஓட்டிப் பார்க்கவேயில்லை. சமதரையில் நிறுத்தி, ஒருவரைப் பின்பக்கமும் பின்னர் முன்பக்கமும் ஏற்றி மெல்லக் குலுக்கச் சொன்னார். தாம் கீழே படுத்து, ஒவ்வோர் இணைப்பின்மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தார். அருகில் நின்ற என்னிடம், “சாமி, சத்தத்தைப் பிடிக்கக் காது போதாது; கை வேணும்” என்றார். ஐயமுற்ற இணைப்புகளில் ஒவ்வொன்றாகச் சிறிது நீர் ஊற்றிக் குலுக்கச் செய்தார். முன்பக்க இடது ஷேக்கிளின் புஷ் நனைந்ததும் ‘கிறீச்’ நின்றது. உலர்ந்ததும் மீண்டும் வந்தது. ‘எண்ணெய் விட்டால் போதுமே’ என்றார் உரிமையாளர். மெக்கானிக் மறுத்தார். பெட்ரோலிய எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் உப்பி மென்மையாகிக் கெடும். எண்ணெய் ஓசையைச் சில நாள் அடக்கும். ஓசையிட்ட உறுப்பையோ அழித்துவிடும்.

புஷ்ஷைக் கழற்றியபோது அது கிழிந்திருந்தது. ‘டக்’ என்ற ஒலிக்கும் அதுவே விடை. ஆனால் புதிய புஷ் சில மாதங்களில் ஏன் கிழிய வேண்டும்? உயர்த்தும் வேலையின்போது ஜீப்பை ஜாக்கியில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே ஷேக்கிள் போல்ட்டை முழுதும் இறுக்கியிருக்கிறார்கள். இறுகிய புஷ்ஷின் ரப்பர் அந்நிலையையே தன் இயல்பு நிலையாகப் பற்றிக்கொள்கிறது. ஊர்தி தரையில் இறங்கிப் பாரம் ஏறியதும் ஷேக்கிள் திரும்புகிறது; ரப்பர் எப்போதும் முறுக்குண்டே இருக்கிறது. சரியான முறை, போல்ட்டைத் தளர்வாக மாட்டி, ஊர்தியைத் தன் சக்கரங்களில் நிறுத்தி, பாரம் படிந்தபின் இறுக்குவதாகும். அவ்வாறே செய்தார்கள், ஓசை நின்றது.

இப்போது அரிஸ்டாட்டிலின் நான்கு காரணங்களையும் இங்கே காணலாம். முறுக்கினால் கிழியும் ரப்பர் பொருட் காரணம். உயர்த்தியதால் மாறிய ஷேக்கிளின் கோணம் வடிவக் காரணம். தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிய கை செயற் காரணம். கரிசல் சேற்றைக் கடந்து பால் கெடுமுன் ஊர் சேர வேண்டும் என்பது நோக்கக் காரணம். நான்கும் தெளிவாக உள்ளன; ஆயினும் இவற்றுள் எதையும் பாவம் என்று சொல்ல இயலாது. ரப்பர் தன் இயல்பின்படி நடந்தது. போல்ட்டை இறுக்கிய இளைஞன் தனக்குக் கற்பிக்கப்பட்டபடி செய்தான். உரிமையாளரின் நோக்கமும் நல்லதே. ஆனால் ஓர் உறுப்பை மாற்றினால் அதைச் சார்ந்த அனைத்தும் மாறும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பதிவுச் சான்றிதழில் தயாரிப்பாளர் குறித்த விவரங்கள் மாறும்படி ஊர்தியைத் திருத்தலாகாது என 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் கூறுவதையும், உச்ச நீதிமன்றம் 2019இல் அதை வலியுறுத்தியதையும் இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும்.

‘அப்படியானால் எவருக்கும் பொறுப்பில்லையா? காரணங்களை அடுக்கிக்கொண்டே போனால் எல்லாரும் தப்பிவிடுவார்களே’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொறுப்பு உண்டு. அந்த இளைஞன் சரியான முறையைக் கற்கக் கடமைப்பட்டவன். உரிமையாளர் தம் ஊர்தியின் மாற்றத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியவர். இவை இனி செய்ய வேண்டியவற்றைச் சார்ந்த பொறுப்புகள். இவற்றை ஏற்க எவரையும் குற்றவாளியாக்கத் தேவையில்லை.

ஆனால் இந்நிகழ்ச்சியில் உண்மையான குற்றம் ஒன்று உண்டு. ஆராயுமுன் ஓட்டுநரின் கூலியைப் பிடித்ததே அது. ஓசை நின்ற அன்று உரிமையாளர் மனநிறைவோடு, “போனது போகட்டும், பிரச்சினை தீர்ந்தது” என்றார். அவரைப் பொறுத்தவரை தீர்ந்துவிட்டது. பிடித்த பணமோ திரும்பவில்லை, ஓட்டுநரும் கேட்கவில்லை. முன்பு ஒரு குறையைச் சொன்னதற்கே தண்டனை பெற்றவர் மீண்டும் எப்படி வாய் திறப்பார்? ஓசை எழுந்த இடத்தில் குற்றம் இல்லை. குற்றம் இருந்த இடத்தில் ஓசையே இல்லை.

ஐயத்துக்கு இடமுள்ளவற்றில் பிறரைப்பற்றி நல்லவிதமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றும், அவ்வாறு எண்ணி அடிக்கடி ஏமாறுவது, நல்லவர் ஒருவரைத் தீயவராக எண்ணி அரிதாகத் தவறுவதினும் மேல் என்றும் புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விளக்குகிறார். ஈடுசெய்தலைப்பற்றி எழுதும்போது அவர் இன்னொன்றையும் காட்டுகிறார். பிறர் பொருள் நம்மிடம் இருக்கும்வரை, எடுத்தவிதம் குற்றமுள்ளதோ இல்லையோ, அப்பொருளை முன்னிட்டே அதைத் திருப்பித் தரும் கடமை நிலைக்கிறது. உரிமையாளர் தீய எண்ணத்தோடு பிடித்தாரா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் நடக்கட்டும். பணம் அதற்காகக் காத்திருக்கலாகாது. காரணத்தைத் தேட மாதங்கள் ஆகலாம். ஈடுசெய்ய ஒரு நாள் போதும்.

நம் இல்லங்களிலும் அமைப்புகளிலும் இவ்வாறு நிகழ்வதில்லையா? மாமியார் வீட்டில் குறை சொல்லும் மருமகள், சங்கக் கூட்டத்தில் கணக்குக் கேட்கும் உறுப்பினர், தேர்வில் தோற்ற பிள்ளை ஆகியோரே நமக்கு ஓசையாகக் கேட்கிறார்கள். ஓசையிடுபவரே பழுது என்று முடிவுகட்டுகிறோம். அல்லது இனிய சொல்லாகிய எண்ணெயை ஊற்றி அமர்த்துகிறோம். எந்த முறுக்கு அவரை ஓசையிட வைத்தது என்று கைவைத்துப் பார்ப்பவர் சிலரே. பாரம் சுமக்காதவர்கள் வசதியாக அமர்ந்து இறுக்கிய விதிகள், பாரம் சுமப்பவரை நாள்தோறும் முறுக்குகின்றன என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமண மகரிஷி, எழும் எண்ணத்தை அடக்க முயல்வதைவிட ‘இது யாருக்கு எழுந்தது?’ என வினவி அதன் பிறப்பிடத்துக்குத் திரும்புமாறு கற்பித்தார். குளித்தலை அருகே சாந்திவனத்தை 1950இல் நிறுவிய ஜூல் மோன்ஷானேன் அடிகளும் அபிஷிக்தானந்தரும் அதற்கு முந்திய ஆண்டில் அவரைக் கண்டு வந்தனர். அவர் அவ்வினாவை வைத்தது இதனினும் ஆழ்ந்த தேடலுக்காக. எனினும் அதன் திசை நமக்கும் உதவும். ‘யார் காரணம்?’ என்று வெளியே நீளும் விரல், ‘குற்றவாளி ஒருவன் வேண்டும் என்று கேட்பது யார்? எனக்கு அவன் ஏன் தேவைப்படுகிறான்?’ என்று உள்ளே திரும்பட்டும். பெரும்பாலும் அங்கே இருப்பது, செலவை வேறொருவர் தலையில் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரமே.

வாசக அன்பர்களே, நம் கீழ் உழைப்போர் எவருக்கேனும் இம்மாத ஊதியத்தில் பிடித்தம் செய்ய எண்ணினால், அதற்குமுன் காரணத்தைத் தேடி முடித்துவிட்டோமா என்று பார்ப்போம். முன்பே பிடித்தது ஏதேனும் நம்மிடம் இருந்தால், கேட்பார் இல்லை என்பதற்காக அது நமதாகிவிடாது. கேட்காமலேயே திருப்பிக் கொடுப்போம்.