ரோகசேனனின் வண்டி

குழந்தைகளோடு உட்கார்ந்து பொம்மை வண்டி செய்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைக் கல்வி என்கிறார்கள், அல்லது சிக்கனம் என்கிறார்கள். இப்போது சுற்றுச்சூழலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மூன்றிலும் குழந்தை ஒரு சாக்காகவே நின்றுவிடுகிறது. எனக்கு இந்தக் காரியம் ஒரு தர்மப் பிரச்னையாகப் படுகிறது. வேண்டாமென்று எறியப்பட்ட ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்து, 'இது வண்டி' என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? உருவான பின் அந்த வண்டி யாருடையது?

காரியம் என்னவோ எளிமையானது. காலித் தீப்பெட்டி உடல். எழுதித் தீர்ந்த ரீஃபிலை இரண்டு துண்டாக்கித் தீப்பெட்டியின் அடியில் குறுக்காக ஒட்டினால் அச்சுக்கு உறை. அதனுள் நுழைகிற துடைப்பத்து ஈர்க்குதான் அச்சு. நான்கு சோடா மூடிகள் சக்கரங்கள். மூடியின் குழிவில் களிமண்ணை அடைத்து, ஈர்க்கின் நுனியை அதில் குத்தி நிறுத்திவிட்டால் சக்கரமும் அச்சும் ஒன்றாகிவிடும்; இரண்டும் சேர்ந்து உறைக்குள் சுழலும். மாட்டு வண்டியில் அச்சு நிற்க, சக்கரம் மட்டும் சுற்றுகிறது. ரயிலில் இரண்டும் சேர்ந்தே சுற்றுகின்றன. எங்கள் தீப்பெட்டி வண்டி ரயில் ஜாதி. மேலே டிரைவர், மூட்டை, விளக்கு எல்லாம் களிமண். கடையில் விற்கிற வண்ணக் களிமண்தான். ஏரி மண் போலக் காய்ந்து வெடிக்காது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர் தம் சிற்ப மாணவர்களுக்காக, காயாத மண் வேண்டுமென்று 1897இல் செய்து பார்த்த பிளாஸ்டிசினின் வம்சம் அது.

இந்தப் பொருள்களின் குணம் ஒன்றுக்கொன்று எதிரானது. களிமண் எதற்கும் மறுப்புச் சொல்லாது. யானை என்றால் யானை, லாரி என்றால் லாரி. ஈர்க்கு அப்படியில்லை. டிரைவருக்குத் தொந்தி வைக்கிறேன் என்று ஒரு குழந்தை மண்ணை அப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஈர்க்கு வளைகிறது, சக்கரங்கள் காலை விரித்துக்கொள்கின்றன. அந்த இடத்தில் நான் பேசாமலிருப்பது அவசியம் என்று நினைக்கிறேன். குழந்தையிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டியது ஈர்க்கு. நான் சொன்னால் அது கட்டளையாகிவிடும். கட்டளைக்குக் கீழ்ப்படியலாம், எதிர்த்து முரண்டலாம், இரண்டில் எதுவும் அறிவாகாது. ஈர்க்கு சொல்கிறபோது அதில் அவமானம் இல்லை. உலகம் தன் இயல்பைத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான். பெரியவர்கள் பெரும்பாலும் உலகத்தை முந்திக்கொண்டு பேசிவிடுகிறோம்.

ஆனால் ஓடுவது ஒன்றுதான் வண்டியின் லட்சணமா? கட்டைக் குதிரையைப் பற்றிய தம் கட்டுரையில் கோம்ப்ரிச், குழந்தையின் குச்சி குதிரையாவது அது குதிரையைப் போலிருப்பதால் அல்ல, அதன்மேல் ஏறிச் சவாரி போக முடிவதால்தான் என்று காட்டினார். நம்முடைய பழைய பாட்டுகள் வேறொரு பக்கத்திலிருந்து இதைத் தொடுகின்றன. தச்சன் செய்து கொடுத்த, ஏறிப் போக முடியாத சிறு வண்டியை இழுத்தே மகிழும் பிள்ளைகள் குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் உவமையாக வருகிறார்கள். பட்டினப்பாலையில் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகிறார்கள். கோழியை விரட்ட எறிந்த கனத்த பொற்குழை அதன் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. தேருக்குத் தங்கம் அங்கே வெறும் தடைக்கல். அந்த வளத்தின் பெருமையைச் சொல்ல வந்த பாட்டுத்தான் அது; இருந்தாலும் குழந்தையின் கணக்கு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில் நின்றுவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். பாவனை போதும், பொருள் எதுவானாலும் ஒன்றுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். எனக்கு அது கூசுகிறது. என்னோடு செய்ய உட்கார்ந்த குழந்தைகளில், வீட்டில் ரிமோட் கார் வைத்திருக்கிற பையன் சோடா மூடிகளைப் பொக்கிஷம் போல் வாரிக்கொண்டான். காயலான் கடைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து வருகிற பையன் மூடியையும் தீப்பெட்டியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, "இதெல்லாம் எங்க வீட்டாண்ட நெறய இருக்கு மாமா" என்று களிமண்ணை மட்டும் எடுத்துக்கொண்டான். அவனுக்கு அதுதான் புதுசு. எறிந்த பொருளில் அழகு காண்பது, எறியும் வசதி உள்ளவனுக்குக் கிடைக்கிற இன்பம். அதை எறிய வழியில்லாதவனுக்கு உபதேசிக்கிறபோது அந்த அழகுணர்வு அநியாயமாகிவிடுகிறது.

மிருச்சகடிகத்தின் ஆறாம் அங்கத்தில் சாருதத்தனின் மகன் ரோகசேனன் அழுகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியோடு விளையாடியவனுக்கு, பணிப்பெண் ரதனிகை மண்ணால் ஒரு வண்டி செய்து தருகிறாள். அவனுக்கு வேண்டாம். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி மண் வண்டியை நிரப்பி, பொன் வண்டி செய்துகொள்ளச் சொல்கிறாள். அந்த நகைகளே பிறகு நீதிமன்றத்தில் விழுந்து சாருதத்தனுக்கு எதிரான சாட்சியமாகி அவனைக் கொலைக்களம் வரை கொண்டுபோகின்றன. ரதனிகை கொடுத்தது ஆறுதல், வசந்தசேனை கொடுத்தது தங்கம். இரண்டும் அன்பால்தான். ஆனால் பையனின் கை இரண்டிலும் இல்லை. அவன் தானே பிசைந்து செய்திருந்தால் அழுதிருக்க மாட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. பொன் வண்டி பொன் வண்டிதான்; அதைக் கேட்டு அழ அவனுக்கு நியாயம் உண்டு. அவன் கை பட்டிருந்தால் அழுகைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்திருக்கும்: பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இல்லாத ஒரு உறவு.

பிரெஞ்சு பொம்மைகளைப் பற்றி எழுதிய ரோலான் பார்த், அவை குழந்தையை உபயோகிப்பவனாக்குகின்றன, சிருஷ்டிப்பவனாக விடுவதில்லை என்று குறைப்பட்டார். சரிதான். சிருஷ்டி என்ற பெயரில் இல்லாமையை விழுங்கவைப்பதும் அதே அளவு மோசம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனவே என் அதிகாரம் மிகக் குறுகியது. பொருள்களை நடுவில் வைக்கலாம். களிமண்ணும் மூடியும் எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி. நானும் ஒரு வண்டி செய்யலாம், என்னுடையதும் கோணலாக ஓடலாம். 'இதுவே போதும்' என்று மட்டும் சொல்லக் கூடாது. போதுமா இல்லையா என்பது அவர்கள் சொல்ல வேண்டியது.

யாருடையது என்ற கேள்விக்குக் காயாத மண்ணே விடை வைத்திருக்கிறது. நன்றாக வந்த வண்டியைக் கண்ணாடி அலமாரியில் வைக்கத் துடிப்பது நாம்தான். அந்த ஆசையில் உரிமை மெல்லக் கைமாறுகிறது. குழந்தை சற்று நேரம் ஓட்டுகிறது, பிறகு டிரைவரையும் மூட்டையையும் சேர்த்துப் பிசைந்து உருண்டையாக்கிவிடுகிறது. நான்கு வண்ணமும் கலந்து ஒரு மங்கிய பழுப்பு. பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். செய்தவனுக்குக் கலைக்கும் உரிமையும் உண்டு. அந்த உரிமையைப் பறித்துவிட்டு மிச்சமெல்லாம் கொடுத்தாலும், நாம் கொடுத்தது ரதனிகையின் வண்டிதான்.