பேரேட்டில் நின்றுபோன பெயர்கள்

 

சென்ற ஆண்டு நாம் நெஞ்சு நோயால் மருத்துவமனையில் கிடந்தோம். மணிக்கட்டில் நம் பெயரெழுதிய பட்டை கட்டியிருந்தார்கள். மௌத்தாகியிருந்தாலும் இன்னார் மகன் இன்னார் என்று சொல்லி அடக்கம் செய்ய ஆள் இருந்தது. அல்லாஹ் ஆயுளைத் தந்தான்; அல்ஹம்துலில்லாஹ்.

நடமாட முடிந்ததும், வீட்டார் தடுத்தும் கேளாமல், தனியே பாடாங் பெசாரில் இரயிலேறித் தாய்லாந்திலுள்ள காஞ்சனபுரிக்குப் போனோம். காரணம் ஒரு பழைய பேரேடு. சுங்கை பட்டாணியில் நம் பாட்டனார் தோட்டத்து மக்களுக்குக் கடன் கொடுத்து எழுதிய கணக்கு அது. 1943ஆம் ஆண்டுப் பக்கத்தில் சில பெயர்களுக்கு நேரே பற்று உண்டு, வரவு இல்லை. ‘சயாமுக்குப் போனவர்’ என்ற குறிப்பு மட்டும் உண்டு.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட, ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரை ஆயிரமாயிரமாகக் கொண்டுபோனார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன. மாண்ட போர்க்கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

காஞ்சனபுரிப் போர் மயானத்தில் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000, வரிசை வரிசையாக இருக்கின்றன. படைவீரருக்குப் பட்டியல் இருந்தது. கூலிக்காரருக்குப் பெயர் காத்து வைத்தவர் இல்லை. அவ்வூர்ப் பௌத்த ஆலயமான வாட் தவோர்ன் வராராமில் 2023இல்தான் தமிழருக்கு ஒரு நடுகல் நாட்டினார்கள். அதன் முன்னே நெடுநேரம் நின்றோம்.

“அவர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர் அல்லரே, நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். யூதர் ஒருவரின் பிரேதம் கடந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொன்னபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்று உணர்த்தினார்கள். அதற்குமேல் நமக்கு என்ன விளக்கம் வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. அவர்களின் சம்பளக் காசில் வளர்ந்ததே நம் கடை. அப்படியிருக்க, கடன்பட்டவர் அவர்களா, நாமா? ஊர் திரும்பியதும் அந்தப் பற்றையெல்லாம் தள்ளிவிட்டோம், பெயர்களை அடிக்கவில்லை.

கெடாவில் பழைய கடை வைத்திருக்கும் சகோதரர்களே! உங்கள் பரணிலும் அத்தகைய பேரேடு கிடக்கலாம். கரையான் தின்னுமுன் எடுத்து, திரும்பாதவர் பெயர்களை எழுதிச் சங்கத்தில் ஒப்படையுங்கள். அவர் பேரப்பிள்ளைகள் என்றேனும் தேடி வருவார்கள். அதுவரை அப்பெயர்கள் நம்மிடம் இருக்கும் அமானிதம்.

வஸ்ஸலாம்.