தன்னைப் பேணுதல் தன்னலமா?

தன்னை மறந்து பிறருக்காக உழைப்பவரை உலகம் புகழ்கின்றது. அப்புகழ் தகுதியுடையதே. ஆயினும், தன்னை மறத்தல் வேறு, தன்னை அழித்துக்கொள்ளுதல் வேறு என்னும் உண்மையை நம்மவர் பெரிதும் சிந்தித்தாரில்லை. "எனக்கென்ன வேண்டியிருக்கிறது? பிள்ளைகள் நன்றாயிருந்தாற் போதும்" என்னும் சொல் நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கின்றது. கேட்பதற்கு அரிய சொல்தான்! ஆனால் அச்சொல்லால் அப்பிள்ளைகளுக்கு விளையும் பயன் யாது? அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பழைய ரப்பர்த் தோட்டத்துத் தாய் ஒருத்தியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். விடியுமுன் எழுந்தாள், அடுப்பு மூட்டினாள், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையிற் சேர்த்தாள், இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றாள். நிரையில் மரம் வெட்டி, மங்குகளிலிருந்து பாலெடுத்து, வாளி சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்திற்குத் திரும்பினாள். அதன் பின்னரே வீட்டு வேலை தொடங்கிற்று. கணவன் உண்டான், பிள்ளைகள் உண்டனர், எஞ்சியது இருந்தால் அவள் உண்டாள். காய்ச்சல் வந்தபொழுது, ஒரு நாட் சம்பளம் போகுமே என்று அக்காய்ச்சலையும் சுமந்துகொண்டே காட்டுக்குச் சென்றாள். அவளைத் தியாகி என்று வாழ்த்தினோம். வாழ்த்தினோமேயன்றி, அவளுக்கென ஒரு பிடி சோற்றை முதலில் எடுத்து வைத்தார் எத்தனை பேர்?

இதில் ஒரு வியப்பு உண்டு. அவள் வெட்டிய மரத்திற்கு ஓய்வு இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுதல் பல தோட்டங்களிற் கைக்கொண்ட முறை. அளவின்றி வெட்டினால் பட்டை காய்ந்து பால் அற்றுப்போகும் என்பதைத் தோட்டத்தார் அறிந்திருந்தனர். கத்தியையும் அவ்வாறே பேணினர். மழுங்கிய கத்தி மரத்தைக் காயப்படுத்துமாதலால், அதனைத் தீட்டும் நேரம் வீண் என்று எவரும் கூறிலர். மரத்தையும் கத்தியையும் பேணுதல் அறிவுடைமையானால், அக்கத்தியைப் பிடித்த கையைப் பேணுதல் மட்டும் எங்ஙனம் தன்னலமாகும்?

எனினும் இவ்வுவமையை இவ்வளவோடு நிறுத்திவிட வேண்டும். கத்தியைத் தீட்டுவது வெட்டுவதற்காகவே. மனிதனோ பிறருக்குப் பயன்படும் கருவி மட்டும் அல்லன். மூப்பெய்தி உழைக்க இயலாதவரும், நோயுற்றுப் படுக்கையிற் கிடப்பவரும் பேணத்தக்கவரே. உயிரோடிருத்தல் ஒன்றே அன்பிற்குப் போதிய தகுதி. பிறருயிருக்கு இந்நீதியை ஒப்புக்கொள்ளும் நாம், நம்முயிரை மட்டும் அதனின்று விலக்கி வைப்பது முறையாகுமா? எல்லா உயிரிடத்தும் அன்பு செய்க என்றால், அவ்வெல்லா உயிர்களுள் நம்முயிரும் ஒன்றன்றோ?

இனித் தன்னலம் யாதெனக் காண்போம். பிறருக்குரியதைத் தனக்காக்கிக்கொள்வது தன்னலம். தனக்குரியதைத் தனக்கு மறுக்காமை தன்னைப் பேணல். மனைவியும் மக்களும் பசித்திருக்கக் கள்ளுக்கடையிற் கூலியைக் கொட்டியவன் தன்னலக்காரன். அவன் தன்னையும் பேணினான் அல்லன். தன் உடலுக்கும் அவனே பகைவன். ஆதலால் தன்னலம் மிக்கவன் தன்னை மிக நேசிப்பவன் என்று எண்ணுவது பிழை. தன்னை மெய்யாக நேசிப்பவன் தன்னைக் கெடுப்பதை வெறுப்பான்.

இவ்வுண்மையை நூல் கற்றோர் மட்டுமன்றி, நம் தொழிலாளரும் செயலிற் காட்டியுள்ளனர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் கோரிக்கைகளுள் ஊதிய உயர்வு இருந்தது. தக்க மருத்துவ வசதியும் பிள்ளைகளுக்குக் கல்வியும் இருந்தன. துரைமாரையும் தோட்டத்து அதிகாரிகளையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. இவற்றோடு, கள்ளுக்கடையை மூடுக என்றும் அவர்கள் கேட்டனர்! பிறர் தமக்குத் தரவேண்டிய மதிப்பைக் கேட்ட அதே வாயால், தாம் தமக்குத் தரவேண்டிய மதிப்பையும் கேட்டனர். துருப்புக்கள் வரவழைக்கப்பட்டன, உயிர்கள் பலியாயின, போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஆயினும் அக்கோரிக்கைகளின் உட்பொருள் ஒடுங்கவில்லை. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தபொழுது அதுவே மீண்டும் ஒலித்தது.

அக்காலம் போயிற்று. நம்மவருட் பலர் தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீடுகளிற் குடியேறிவிட்டனர். நம்மைக் கெடுக்கும் பகையும் உருமாறி வந்துள்ளது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். இந்திய வமிசத்தாரிடையே அவ்விகிதம் அதனினும் மிகுதி. சிங்கப்பூர் அரசாங்கம் 2016இல் இந்நோயின்மீது போரே தொடுத்ததாக அறிவித்தது. நெடுநாள் கவனியாத நீரிழிவு காலின் நரம்புகளைக் கெடுக்கும், உணர்ச்சி குன்றும், சிறு காயம் பட்டாலும் தெரியாது, தெரியும்பொழுது காலையே இழக்க நேர்தலும் உண்டு. "எனக்கென்று மருத்துவரிடம் போக நேரமில்லை" என்ற தகப்பன், பின்னர்த் தன் பிள்ளைகளின் ஆண்டுகளையே தன் படுக்கையருகிற் செலவிடச் செய்கின்றான். இது தியாகமா? கடனைத் தள்ளிவைத்து, வட்டியோடு மக்கள் தலையிற் சுமத்துவதன்றோ?

தன்னைப் பேணுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வீட்டிலுள்ளார் யாவரும் ஒரு வேளையேனும் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும். சமைத்தவளும் அவர்களுடன் அமரட்டும். தேநீரிற் சர்க்கரையையும் கட்டிப்பாலையும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். நாக்கு சில வாரங்களிற் பழகிக்கொள்ளும். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் உடலுக்கும் உள்ளத்திற்கும் நலம் பயக்கும். இரவில் ஏழு மணி நேரமேனும் உறங்குதல் சோம்பலன்று; மறுநாளைக்கு இடும் முதல். குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் காலந்தவறாது சோதித்தறிதல் அச்சமன்று; விழிப்பு. சம்பள நாளில், கலியாணச் செலவிற்கும் கடன்காரருக்கும் எடுத்து வைக்குமுன், சிறு தொகையைச் சேமிப்பாக ஒதுக்குதலும் இப்பேணலைச் சேர்ந்ததே. பிறர் மெச்சக் கடன் வாங்கி விருந்திடாமை, தன்மதிப்பின் தெளிந்த அடையாளம்.

உடலைப் போன்றே உள்ளமும் பேணத்தக்கது. பிறர் பிள்ளை தேர்வில் தோற்றால் "அடுத்த முறை பார்க்கலாம், தம்பி" என்று தேற்றுகின்றோம். நாம் தவறினாலோ, "நான் எதற்கும் உதவாதவன்" என்று நம்மையே வைகின்றோம். பகைவனிடத்தும் சொல்லத் துணியாத சொல்லை நமக்கு நாமே சொல்லலாமா? அயலாருக்குக் கூறும் ஆறுதலை நமக்கும் கூறிக்கொள்ளப் பழக வேண்டும். துயரம் அளவுகடந்தால் உற்றாரிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவைச் சிங்கப்பூர் 2020லும் மலேசியா 2023லும் நீக்கிவிட்டன. துன்புற்றவனுக்கு வேண்டுவது தண்டனையன்று, துணையே என்று சட்டமே உணர்ந்தபின், துணை நாடுதலை இழிவென்று நாம் இன்னும் கூறிக்கொண்டிருப்பதா?

"இவையெல்லாம் வயிறு நிறைந்தவர்க்குச் சொல்லும் அறிவுரை, இரண்டு வேலை பார்த்தும் வாடகை கட்ட முடியாதவனுக்கு உறக்கமேது, நடையேது?" என்று சிலர் வினவலாம். இவ்வினாவில் நியாயம் உண்டு. குறைந்த கூலியும் நீண்ட வேலை நேரமும் தருபவர், "உன்னை நீயே பேணிக்கொள்" என்று கூறித் தம் பொறுப்பினின்று தப்ப இடந்தரலாகாது. ஆனால் அதனாலேயே தன்னைப் பேணுதல் வேண்டாததாகிவிடாது. தன் உயிருக்கு மதிப்புண்டு என்று நம்புகிறவனே நல்ல கூலியும் நல்ல ஓய்வும் தனக்கு உரிமை என்று கேட்பான். தன்னைத் தானே மலிவாக எண்ணுகிறவன், பிறர் மலிவாக நடத்துவதையும் விதியென்று பொறுத்துக்கொள்வான். கிள்ளான் தொழிலாளர் இரண்டையும் ஒருங்கே கேட்டதன் பொருள் இதுவே.

தாய்மார்களே, இன்றிரவு உங்கள் தட்டிலும் சோற்றை முதலிலேயே பரிமாறுங்கள். உங்கள் மகள் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றாள். தான் எப்பொழுதும் கடைசியில் உண்ண வேண்டியவளா, பிறரோடு சமமாக அமர வேண்டியவளா என்பதை அவள் எந்தப் பள்ளியிலும் கற்கப் போவதில்லை. உங்கள் தட்டிலிருந்தே கற்பாள்.