எட்டாவது காரணம்

1965 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றவர்களில் ஒருவர் ராணுவ அதிகாரி ஹரி பால் சிங் அலுவாலியா. சில மாதங்களில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. காஷ்மீரில் அவர்மேல் பாய்ந்த தோட்டா முதுகுத்தண்டைச் சிதைத்தது. அதன் பிறகு வாழ்ந்த ஐம்பத்தாறு ஆண்டுகளும் அவர் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். சிகிச்சைக்காக இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்குப் போனவர், அங்கே பார்த்ததை இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தார். தெற்கு தில்லி வசந்த் குஞ்சில் இருக்கும் இந்திய முதுகுத்தண்டுக் காய மையம் அப்படி உருவானதுதான். 2022 ஜனவரியில் அவர் மறைந்தார்.

உச்சியைத் தொட்ட மனிதருக்கு அதே ஆண்டில் ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு நம் ஊர்களில் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. தில்லி வீடுகளில் ‘கர்மோங் கா ஃபல்’ என்பார்கள். அதே தெருவில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தில் முன்வினை, தலையெழுத்து, ஏழரைச் சனி என்று பேச்சு ஓடும். பக்கவாதம் வந்தவரும், விபத்தில் இடுப்பு முறிந்தவரும், முழங்கால் தேய்ந்து மாடிப்படியைப் பார்த்தாலே கலங்குகிறவரும் பிசியோதெரபி அறைக்குள் வரும்போது உடம்போடு இந்தப் பதிலையும் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். வலி வினையின் விளைவு என்றால் அதை அனுபவித்துத்தானே தீர்க்க வேண்டும்? காலை நீட்டி மடக்குவதால் விதி மடங்குமா?

கேள்வி பழையது, பதிலும் பழையதுதான். பாலி மொழியிலுள்ள சங்யுத்த நிகாயத்தில் மோலிய சிவகர் என்ற துறவி புத்தரிடம் இதையே கேட்கிறார். மனிதன் அனுபவிக்கும் இன்பம், துன்பம், இரண்டுமில்லாத நிலை எல்லாமே முன்செய்த வினையால் வருபவை என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்த கோளாறு, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்று ஏழு. வினையின் பலன் எட்டாவதாகத்தான் வருகிறது. எல்லாவற்றையும் அந்த எட்டாவதில் ஏற்றுகிறவர்கள் தாங்களே கண்டறிந்ததையும் மீறுகிறார்கள், உலகம் உண்மையென்று ஏற்றதையும் மீறுகிறார்கள் என்று அவர் முடிக்கிறார்.

வினைக் கோட்பாட்டை அவர் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் அதற்கும் ஓர் இடம் கொடுக்கிறார். முழுப் பட்டியலையும் அது விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறார். ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதையும் ஏறக்குறைய இதே வழியில் போகிறது. ஆயுள் தெய்வத்தையும் மனித முயற்சியையும் சார்ந்தது என்பது அதன் நிலை. எல்லார் ஆயுளும் முன்பே அறுதியிட்டது என்றால் மந்திரம், மூலிகை, சாந்தி எதையும் யாரும் நாட வேண்டியதில்லையே என்று அது வாதிடுகிறது. மருத்துவம் என்ற தொழில் நடப்பதே முழு விதிவாதத்துக்கு எதிரான சாட்சி என்பது அந்த வாதத்தின் சாரம்.

இந்த வாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தில்லி தீஸ் ஹஜாரியில் உள்ள செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனைக்குப் போகலாம். கிறிஸ்தவ மிஷன் பெண்கள் 1885இல் தொடங்கிய மருத்துவமனை அது. எலும்பு மருத்துவர் மேத்யூ வர்கீஸ் அங்கே பல ஆண்டுகள் நடத்திவந்த போலியோ வார்டு, இந்தியாவில் இந்த நோய்க்கென்றே எஞ்சிய கடைசி வார்டு என்று பேசப்பட்டது. இளம்பிள்ளை வாதத்தால் இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போய், கைகளை ஊன்றித் தரையில் தவழ்ந்து வளர்ந்தவர்கள் அங்கே வந்தார்கள். அவர்களில் பலருக்கு ஊரார் சொல்லியிருந்த காரணம் அவர்களுடைய, அல்லது பெற்றோருடைய, பாவம்.

போலியோ கிருமி தாக்குவது முதுகுத்தண்டில் தசைகளை இயக்கும் நரம்பு செல்களை. செத்த செல் திரும்ப முளைக்காது. ஆனால் பிழைத்த நரம்புகள் புதுக் கிளைகளை விட்டு, ஆதரவிழந்த தசை நார்களில் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்ளும். எஞ்சியதைப் பலப்படுத்துவதுதான் பயிற்சியின் வேலை. இறுகிய தசைநாண்களை அறுவையால் தளர்த்துவார்கள். மாவுக்கட்டு போட்டுக் காலைப் படிப்படியாக நிமிர்த்துவார்கள். காலிப்பர் மாட்டி இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்க வைப்பார்கள். இருபது வயதில் முதல்முறையாக நிமிர்ந்து நிற்கும் ஒருவருக்கு எதிரிலிருப்பவரின் முகம் கண் மட்டத்தில் தெரிகிறது. அதுவரை உலகத்தை இடுப்புக்குக் கீழிருந்து பார்த்தவர் அவர்.

2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியின் கடைசி நோயாளியான மேற்கு வங்கத்து ஹவுரா குழந்தைக்கு அது வந்தது 2011 ஜனவரி 13 அன்று. 2014 மார்ச் 27 அன்று தில்லியில் உலக சுகாதார நிறுவனம், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ ஒழிந்ததாகச் சான்றிதழ் வழங்கியது. முன்வினைதான் காரணம் என்றால், 2011க்குப் பிறகு பிறந்த இந்தியக் குழந்தைகள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் புண்ணியம் செய்துவிட்டு வந்து பிறக்கிறார்கள் என்று நம்ப வேண்டியிருக்கும். வாயில் விட்ட இரண்டு சொட்டு மருந்தைப் பார்த்தவர்களுக்கு அப்படி நம்புவது கடினம்.

முடங்கிய கால் ஒரு பக்கம் இருக்கட்டும். வலி என்பதே என்ன? அதே சங்யுத்த நிகாயத்தில் இரண்டு அம்புகளைப் பற்றிய பேச்சு ஒன்று வருகிறது. பயிற்சியில்லாதவன்மேல் உடல் வலி என்ற அம்பு தைக்கும்போது, அவன் அரற்றிப் பதறி மன வலி என்ற இரண்டாவது அம்பையும் வாங்கிக்கொள்கிறான். பயிற்சியுள்ளவனுக்கு முதல் அம்பு மட்டுமே. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையும் வலியைப் புலன் அனுபவமாகவும் உணர்ச்சி அனுபவமாகவும் சேர்த்தே சொல்கிறது. நரம்பில் ஓடும் அபாயச் செய்தி வேறு, வலி வேறு என்றும், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் அதன் குறிப்புகள் தெளிவாக்குகின்றன.

இது தத்துவத்தோடு நிற்கும் விஷயமில்லை. முதுகுவலிக்காரர் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வருகிறார். ‘டிஸ்க் தேய்மானம்’ என்று அதில் எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து அவர் குனிவதில்லை, வாளியைத் தூக்குவதில்லை, குழந்தையை இடுப்பில் வைப்பதில்லை. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வில், இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் அதே தேய்மானம் தெரிந்தது. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் வலியும் இல்லை. அசைந்தால் உடைந்துவிடும் என்ற அச்சம் அசைவைக் குறைக்கிறது. அசைவு குறையக் குறையத் தசை மெலிகிறது, மெலிந்த தசை சின்ன வேலைக்கும் வலிக்கிறது, அந்த வலி அச்சத்தை மெய்ப்பிப்பதுபோல் ஆகிவிடுகிறது. இரண்டாவது அம்பு முதலாவதை இன்னும் ஆழமாகக் குத்துகிறது.

பிசியோதெரபிஸ்ட் இந்தச் சுழலை வெட்டுவது பிரசங்கத்தால் இல்லை. முழங்கால் மாற்று அறுவை முடிந்த ஒருவரின் காலை இன்று எழுபது பாகை மடக்க வைப்பார். சில நாள் கழித்துத் தொண்ணூறு. நடுவில் வலிக்கும். ‘பஸ், பாஞ்ச் அவுர்’, இன்னும் ஐந்தே ஐந்து என்று சொல்லிக்கொண்டே கோணமானியை வைத்து அளப்பார். வலித்தும் கால் உடையவில்லை என்பதை மூளை அங்கே நேரடியாகக் கற்கிறது. நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் டென்ஸ் கருவிக்குப் பின்னால் இருப்பது 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த வாயில் கோட்பாடு. தொடு உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்புகள் முதுகுத்தண்டில் வலிச் செய்தியின் வாயிலைக் கொஞ்சம் சாத்துகின்றன என்பது அதன் கருத்து. இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் இதமாக இருப்பதும் அதனால்தான்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் இன்னும் ஒரு படி போனார். கையை இழந்தவர்களில் பலருக்கு அந்த இல்லாத கை வலிக்கும். முறுக்கி மூடிய விரல்களைத் திறக்க முடியவில்லை என்பார்கள். 1990களில் அவர் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். இருக்கிற கை விரிய, இல்லாத கையும் விரிவதாகச் சிலர் உணர்ந்தார்கள், வலி தணிந்தது. எல்லாருக்கும் அது பலிப்பதில்லை. ஆனாலும் பக்கவாதச் சிகிச்சையிலும் இன்று கண்ணாடி பயன்படுகிறது. உடம்பு என்று நாம் நம்புவதில் ஒரு பகுதியை மூளைதான் கட்டுகிறது என்பதற்கு இதைவிட மலிவான நிரூபணம் கிடைக்காது.

ஆக, முயற்சிக்கு இடமுண்டு. தில்லியிலேயே இதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் அருகே பஹாப்பூர் பாறையில் அசோகரின் சிறு பாறைக் கட்டளை 1966இல் கண்டுபிடிக்கப்பட்டது. பௌத்த உபாசகரான பிறகும் முதலில் தான் பெரிதாக முயலவில்லை என்றும், சங்கத்தை நெருங்கிய பின்னரே ஊக்கத்தோடு முயன்றதாகவும் அதில் அரசர் சொல்கிறார். விளைந்த நன்மை முயற்சியின் பலன், அது பெரியவர்களுக்கு மட்டும் உரியதில்லை, எளியவனும் முயன்றால் அடையலாம் என்பது செய்தி. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைத் தட்டிக்கழித்துவிட்டு அடுத்த முறை அசட்டுச் சிரிப்போடு வந்து உட்காரும் நோயாளிக்குத் துணைக்கு ஒரு பேரரசர் இருக்கிறார்.

ஆனால் இந்த இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. ‘முயன்றால் முடியும்’ என்பதை முழு உண்மையாக எடுத்துக்கொண்டால், முடியாமல் போனவர் முயலவில்லை என்று ஆகிவிடும். முதுகுத்தண்டு முற்றாக அறுந்தவரிடம் மன உறுதி இருந்தால் நடந்துவிடலாம் என்று சொல்வது, போன பிறவியில் என்ன பாவம் செய்தாயோ என்று கேட்பதைவிடக் கருணையானதா? பழி போன பிறவியிலிருந்து இந்தப் பிறவிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எவரெஸ்ட் ஏறியவரிடம் மன உறுதிக்குப் பஞ்சம் இருந்திருக்காது. அவர் கால்கள் நடக்கவில்லை.

பலனில் பற்று வைக்காமல் செயலைச் செய் என்ற கீதையின் போதனை இதற்கு மருந்தாகுமா? பாதி ஆகும். பலனை அறவே நினைக்காத நோயாளி மூன்றாம் வாரமே வருவதை நிறுத்திவிடுவார். பிசியோதெரபி அறையில் பாகை, நொடி, அடி என்று பலன் எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே பழக வேண்டியது பலனைத் துறப்பதை அல்ல, எது பலன் என்பதை மாற்றி வரைவதை. ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் 1944இல் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கியபோது, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்தார்கள். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தார். உட்காரவும் நாற்காலிக்கு மாறவும் பழக்கினார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்கின் விதை அது. அந்தப் பதினாறு பேரில் யாரையும் நடக்க வைத்துக் காட்டுவது அவர் நோக்கமாக இருக்கவில்லை.

தானே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறக் கற்றவர் அடுத்துத் தெருவுக்கு வருகிறார். வினைக்கும் முயற்சிக்கும் இடையிலான வழக்கில் இதுவரை பேசப்படாத மூன்றாம் தரப்பு அங்கே நிற்கிறது. 2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லி வந்தபோது குதுப் மினார், செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை, ஜந்தர் மந்தர் ஆகிய இடங்களில் தொல்லியல் துறை அவருக்காக மரச் சாய்தளங்கள் போட்டது. தானும் சக்கர நாற்காலியில் இயங்கிய உரிமைப் போராளி ஜாவேத் அபிதியின் வற்புறுத்தல் அதற்குப் பின்னால் இருந்தது. உலகப் புகழ்பெற்ற ஒருவர் வரும்வரை அந்தப் படிகளின் முன் திரும்பிப் போன தில்லிக்காரர்களுக்கு நரம்பிலும் முயற்சியிலும் எந்த மாற்றமும் நேரவில்லை, பலகைகள்தான் வந்தன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாரும் புழங்கும்படி மாற்ற, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டு கெடு விதித்தது. விதிகள் 2017இல் வந்தன. கெடு 2022இல் முடிந்துவிட்டது. முதுகுத்தண்டு மறுவாழ்வுப் பயிற்சியில் இன்றும் ஒரு பாடம் இருக்கிறது. நாற்காலியின் முன்சக்கரங்களைத் தூக்கி, பின்சக்கரங்களில் மட்டும் சமநிலை பிடித்து, நடைபாதையின் விளிம்பில் ஏறுவது எப்படி என்பது அந்தப் பாடம். தோளும் மணிக்கட்டும் நோக அதைப் பழகுகிறவரின் அந்த வலிக்குக் காரணம் தேடினால், சிவகருக்குச் சொன்ன எட்டாவதுவரை போக வேண்டியதில்லை. நடைபாதையைப் போட்ட ஒப்பந்ததாரரிடமும் அதற்குக் கையெழுத்திட்ட பொறியாளரிடமும் விசாரித்தால் போதும்.