யாருடைய இருக்கைக்குச் சரி?

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்குள் ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று தோட்டம் தோட்டமாக ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும். போகும்போதும் பாட்டு, வரும்போதும் பாட்டு. டயருக்குக் காட்டும் அக்கறையைப் பாட்டு செட்டுக்கும் காட்டுகிற ஓட்டுநர்கள் இங்கே நிறையப் பேர். ஆம்ப்ளிஃபயர் பூட்டி, முன்பக்கம் இடமும் வலமும் ஸ்பீக்கர் வைத்து, பின் சீட்டுக்கு அடியில் சப்-ஊஃபர் பெட்டியைத் தள்ளி, எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்கும்படி சரிசெய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு கேள்வி வலுத்தது. எல்லாம் சமமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது யாருடைய காதுக்குச் சமம்?

வேலை தெரிந்த மெக்கானிக் முதலில் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எதுவும் ஏறியிருக்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகை அடிமட்டத்தில் வைத்து, செட்டின் வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றி, நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் போடுவார். பிறகு கெயினை மெல்லத் திருப்புவார். குரல் கரகரக்கத் தொடங்கும் இடம் வந்ததும் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து விட்டுவிடுவார். கெயினை இன்னொரு வால்யூம் என்று எண்ணி முழுக்கத் திருப்புகிறவர்கள் உண்டு. செட்டிலிருந்து வரும் மின்னழுத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்காக வைத்த திருகு அது. சக்திக்கு மேல் வேலை வாங்கினால் ஆம்ப்ளிஃபயர் ஒலியலையின் உச்சியைத் தட்டையாக வெட்டித்தான் தரும். கிளிப்பிங் எனப்படும் இந்த வெட்டு முதலில் காதை வருத்தும். நீடித்தால் உயர்ந்த ஓசை தரும் ட்வீட்டரையே கருக்கிவிடும்.

அடுத்தது பங்கீடு. பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கோடு கிழிப்பார்கள். அதற்குக் கீழே உள்ள ஓசை சப்-ஊஃபருக்கு, மேலே உள்ளது முன் ஸ்பீக்கர்களுக்கு. சின்ன ஸ்பீக்கரிடம் அடிநாதத்தைக் கேட்காமல் விட்டாலே அதன் குரல் தெளிந்துவிடுகிறது. ஏதோ குறைகிறது என்று தோன்றினால் நம் கை அதைக் கூட்டத்தான் போகும். தேர்ந்தவரோ மிகுந்து நிற்பது எது என்று தேடி, அதைக் குறைப்பார். இதற்குக் கணக்கும் இருக்கிறது. ஒரு பகுதியை 3 டெசிபெல் கூட்டினால் அங்கே இரண்டு மடங்கு மின்திறன் வேண்டும்; 6 டெசிபெல் என்றால் நான்கு மடங்கு. 12 வோல்ட் பேட்டரியை நம்பி ஓடும் வண்டிக்கு அது லேசான சுமை இல்லை.

ஆனாலும் பேஸைக் கூட்டும் ஓட்டுநரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒலி மெலிதாக இருக்கும்போது மனிதக் காது தாழ்ந்த ஓசைகளை மற்றவற்றைவிட மிகக் குறைவாகவே வாங்குகிறது என்பதை ஹார்வி ஃபிளெச்சரும் வைல்டன் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். போதாததற்கு, டீசல் எஞ்சினின் உறுமலும் சாலையின் இரைச்சலும் அதே தாழ்ந்த பகுதியில் வந்து பாட்டை மூடுகின்றன. அவர் காதுக்கு உண்மையாகவே குறைகிறது, அதனால் கூட்டுகிறார்.

கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. போடிக்குத் தெற்கே, இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் பண்ணைப்புரம் இளையராஜா பிறந்த ஊர். 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் அவர் திரைக்கு வந்தார். அவருடைய பாடல்கள் பலவற்றில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணையாக மட்டும் இருப்பதில்லை. அடியில் தனி மெட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே போகும். அளவாக வைத்த செட்டில் அந்த மெட்டு சுரம் சுரமாகக் கேட்கும். அளவு மீறினால் எல்லாச் சுரமும் ஒரே 'டம்' ஆகிவிடும். வேண்டும் வேண்டும் என்று எதைக் கூட்டினோமோ அதையே இழந்து நிற்போம்.

இப்போதைய செட்டுகள் பலவற்றில் இன்னொரு வசதி வந்திருக்கிறது. நம் நாட்டு வண்டியில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். வல ஸ்பீக்கர் கிட்ட, இட ஸ்பீக்கர் எட்ட. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். அரை மீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிநொடி தாமதம். அற்ப நேரம்தான், ஆனால் முதலில் வந்து சேரும் ஒலியின் பக்கமே பாட்டு இருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும். ஆகவே வல ஸ்பீக்கரை அதே ஒன்றரை மில்லிநொடி பிந்தி ஒலிக்கச் செய்கிறார்கள். பாடகர் சட்டென்று முன்கண்ணாடிக்கு அப்பால் ஓட்டுநருக்கு நேர் எதிரே வந்து நின்றுவிடுவார். முதல்முறை கேட்பவருக்கு உடம்பு சிலிர்க்கும்.

இடப்பக்க இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். அங்கே ஏற்கெனவே இட ஸ்பீக்கர் முந்துகிறது. வல ஸ்பீக்கரோ தூரத்தால் ஒன்றரை மில்லிநொடியும், திருத்தத்தால் இன்னொரு ஒன்றரையும் பிந்தி, மூன்று மில்லிநொடி தள்ளி வருகிறது. ஓட்டுநரின் கோணலை நிமிர்த்திய அதே திருத்தம் பக்கத்து இருக்கையின் கோணலை இரட்டிப்பாக்குகிறது. ஓர் இருக்கைக்கு முற்றும் சரியாக்குவது, இன்னோர் இருக்கையிலிருந்து எடுத்துக்கொண்டுதான் நடக்கிறது. இந்த ஒரு உண்மைக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பின்னால் நெருக்கி உட்கார்ந்து வருகிற பெண்கள், பகல் முழுக்க ஏலச்செடியின் தூருக்குக் குனிந்து, எடுக்கும் பதம் வந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தவர்கள். ஒரு மாலை இறக்கத்தில் வரும்போது அவர்களில் ஓர் அக்கா ஓட்டுநரிடம் சொன்னார்: "தம்பி, முன்னாடி ஒனக்குப் பாட்டு கேக்குது. எங்களுக்கு இங்கிட்டு டம்மு டம்முன்னு முதுகுலதான் இடிக்குது. என்ன பாட்டுன்னே வெளங்கல." அவர் உடனே குறைத்தார். "சொன்னாத்தானக்கா தெரியும்" என்றார்.

ஓட்டுநர் சொன்னது உண்மை. முன் இருக்கையில் இருந்தால் பின் இருக்கை கேட்காது. ஆனால் எல்லாரும் சொல்லிவிடுவதில்லை. நாளைக்கும் அதே வண்டியில் இடம் வேண்டும், நாளைக்கும் அதே தோட்டத்தில் வேலை வேண்டும் என்று இருப்பவர் பல நாள் முதுகில் வாங்கிக்கொண்டு பேசாமல் வருவார். அந்தப் பேசாமையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் திருகு கையில் உள்ளவர்களுக்கு எளிது. எத்தனையோ வீடுகளில் இதைப் பார்க்கிறேன். "எங்க வீட்ல ஒரு குறையும் இல்ல" என்று நிறைவோடு சொல்பவர், யாருடைய நேரத்தை ஒட்டி அந்த வீட்டு அடுப்பு எரிகிறதோ அவராகத்தான் பெரும்பாலும் இருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் இருக்கையில் பாட்டு உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியாகச் சாப்பிட்டு முதலில் எழுகிறவரின் இருக்கையிலிருந்து அந்த வீடு எப்படிக் கேட்கிறது என்பது வேறு விஷயம்.

அப்படியானால் எல்லாருக்கும் எல்லாம் ஒரே அளவில் கிடைக்கச் செய்ய முடியுமா? ஜீப்பில் முடியாது, வாழ்க்கையிலும் முடியாது. ஆள் ஏற்றும் வண்டிக்கு அனுபவசாலிகள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். தாமதத் திருத்தத்தை எடுத்துவிடுவார்கள், பேலன்ஸை நடுவில் வைப்பார்கள், பேஸைத் தாழ்த்துவார்கள். பிறகு ஒவ்வோர் இருக்கையாகப் போய் உட்கார்ந்து, பாடுகிறவரின் சொல் விளங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பேச்சு விளங்க 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்ற கணக்கில்தான் பழைய தொலைபேசியே ஓடியது. அந்த நடுப்பகுதி எல்லா இருக்கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால், அடிநாதமும் மினுக்கும் கொஞ்சம் ஏறி இறங்கலாம். எதிர்வரும் லாரியின் ஹார்ன் வளைவுக்கு வளைவு கேட்கவேண்டும் என்பதால், வண்டிக்கு வெளியே இருப்பவருக்கும் அந்த ஓசையில் இடம் விட்டாக வேண்டும். யாரும் இழக்கக் கூடாதது எது என்று முதலில் முடிவுசெய்து, அதை எல்லாரிடமும் கொண்டுசேர்ப்பதே நியாயம் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வீட்டில் அது உறக்கமாக இருக்கலாம், சூடான ஒருவேளைச் சோறாக இருக்கலாம், பேசும்போது காதுகொடுக்க ஓர் ஆளாக இருக்கலாம். மீதி இருந்தால் அவரவர் ரசனைக்கு.

இப்படி ஒருமுறை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் சொல்ல முடியாது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம். காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. காது அடைத்துப் பாட்டு மங்குகிறது, வால்யூமைக் கூட்டுகிறோம். எச்சில் விழுங்கியதும் செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் ஈடாகி, காது திறக்கிறது. அதே பாட்டு அலறுகிறது. செட்டில் எதுவும் மாறவில்லை, கேட்பவர் மாறியிருக்கிறார். குழந்தை பெற்ற பெண்ணும், வேலை இழந்த மகனும், முதுமை தட்டிய அப்பாவும் அப்படி மாறிய காதுகளோடுதான் நம்மோடு இருக்கிறார்கள். போன வருஷம் அவர்களுக்குச் சரியாக இருந்த ஏற்பாட்டை இந்த வருஷம் மறுபடி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகள் முன்னால் பெற்றோர், கூலிக்காரர் முன்னால் கங்காணி, மாணவர் முன்னால் ஆசிரியர் என்று திருகு பிடித்தவர் யாராக இருந்தாலும், தன் இடத்தை விட்டு எழுந்து, அடுத்தவர் இருக்கையில் உட்கார்ந்து கேட்காமல் 'சரியாக இருக்கிறது' என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடையாது. உட்கார்ந்து கேட்டால் தனக்கு மிகவும் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்ற அந்தப் பாடகரை ஓட்டுநர் இழக்கத்தான் வேண்டும். எல்லாருடனும் சேர்ந்து ஒரே வண்டியில் போவதற்கு நாம் கொடுக்கும் விலை அது. அந்த விலை நியாயமானது, மனமாரக் கொடுக்கத் தக்கது.