அரை டம்ளர் சர்க்கரை

போன பொங்கலுக்கு இளம்பிள்ளை போயிருந்தபோது அம்மாவுக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தேன். மாத மளிகைக் கணக்கு. என் வேலையே அதுதான்: கிடங்கில் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணிக்கும் மென்பொருள் எழுதுவது. கால் கிலோ, அரைக் கிலோ என்று அடிக்கடி வாங்காமல் மொத்தமாக வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்று காட்டினேன். அம்மா திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல பக்கத்து வீட்டுக்குக் கைமாத்து குடுக்கறது எங்க கண்ணு இருக்குது?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை.

அப்போது நான் பாய்மரப் படகுகளிலேயே வாழ்கிறவர்கள் எப்படி மளிகை வாங்குகிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன். கடலைப் பார்க்கவே பல மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஊர்க்காரனுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கணக்குப் போடுகிறவனுக்கு அதைவிடச் சுத்தமான கணக்கு கிடையாது. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற 56 அடிப் படகில் கிளம்பினார்கள். உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். அவர்களுக்கு அடுத்த கடை ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில். ஐந்து வாரத்துக்கும் மேலான பயணம். நடுவில் உப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

படகுக்காரர்களின் வழக்கங்கள் சுவாரசியமானவை. அட்டைப்பெட்டியைப் படகுக்குள் ஏற்றமாட்டார்கள். அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை வந்துவிடும். டப்பா உணவின் லேபிளைக் கிழித்துவிட்டு மார்க்கரில் பெயர் எழுதுவார்கள். ஈரத்தில் ஊறிய காகிதம் அடித்தளத் தண்ணீரை வெளியேற்றும் பம்பை அடைத்துவிடும். கழுவாத முட்டையாகத் தேடி வாங்குவார்கள். கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். கழுவாதது ஃபிரிட்ஜ் இல்லாமலே வாரக்கணக்கில் தாங்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாகப் போடமாட்டார்கள். கடைசிவரை கைகொடுப்பது முட்டைக்கோஸ். வெளி இதழ் வாடினால் உரித்துவிட்டு உள்ளே இருப்பதைச் சமைக்கலாம்.

படிக்கப் படிக்க எனக்குப் பெருமையாக இருந்தது, நான் சொல்வதைத்தான் கடலும் சொல்கிறது என்று. பிறகுதான் உறைத்தது. இப்படி வாங்க இரண்டு விஷயம் முன்கூட்டியே வேண்டும்: கையில் மொத்தமாகப் பணம், ஈரம் படாத இடம். அப்பா குழித்தறியில் நெய்தவர். கூலி சனிக்கிழமை வரும், திங்கட்கிழமைக்குள் பாதி போய்விடும். சின்னப் பொட்டலமாக வாங்கினால் கிராமுக்கு விலை அதிகம் என்பது அம்மாவுக்கு எக்செல் இல்லாமலே தெரியும். கல்லூரியில் படித்தபோது அதை 'பிளானிங் இல்லாத குடும்பம்' என்று நான் நினைத்தது இப்போது கூச்சமாக இருக்கிறது. திட்டமிடல் ஒரு நற்குணம் என்கிறோம். பாதி நேரம் அது ஒரு வசதி.

ஆனாலும் அம்மாவிடம் ஒரு கையிருப்பு இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தகர டப்பாவில் போடுவாள். நான் ஏழாவது படிக்கையில் ஒரு ஐப்பசி அடைமழை. தெருவில் பாவு விரிக்க முடியவில்லை, தறி நின்றது. டப்பாவைத் திறந்த அன்று எதிர்வீட்டு அத்தை டம்ளரோடு வந்து நின்றார். அம்மா அரிசியில் பாதியை அளந்து கொடுத்தாள், கேட்ட அரை டம்ளர் சர்க்கரையும் சேர்த்து. "நமக்கே பத்தாதும்மா" என்று கத்தினேன். "பத்தாதுன்னு தெரிஞ்சுதாண்டா குடுத்தேன்" என்றாள்.

நாளைக்கு நமக்குத் தேவைப்படும் என்ற முன்னெச்சரிக்கையா அது, இல்லை அறமா? வெகுநாள் முன்னெச்சரிக்கை என்றே சொல்லிவந்தேன். ஆனால் அந்த அத்தையிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை, அது அம்மாவுக்குத் தெரியும். அவள் 'போதும்' என்பதை எண்ணும்போதே எதிர்வீட்டையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறாள். தானமாக அவள் நினைக்கவே இல்லை.

கடலில் எதிர்வீடு இல்லை, அதனால்தான் அங்கே கணக்கு சுத்தம் என்று முடிக்கப் பார்த்தேன். அதுவும் சரியில்லை. 2018 செப்டம்பரில், தனியாள் படகுப் போட்டியான கோல்டன் குளோப் ரேஸில், அபிலாஷ் டோமியின் படகு தென் இந்தியப் பெருங்கடல் புயலில் கவிழ்ந்து பாய்மரம் முறிந்தது. முதுகில் அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தார். அவரை நோக்கித் திரும்பியவர்களில் ஒருவர் அயர்லாந்தின் கிரெகர் மெக்கக்கின். அவருடைய பாய்மரமும் அதே புயலில் முறிந்திருந்தது. முடிவில் இருவரையும் ஏற்றிக்கொண்டது ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல்தான். ஆனாலும் அவர் திரும்பினார். ஒற்றை ஆளுக்கு என்று அளந்து ஏற்றிய சாமானோடு.

பெங்களூர் ஃபிளாட்டில் ஆறு வருடமாக இருக்கிறேன். எது தீர்ந்தாலும் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஒருவர்கூட டம்ளரோடு வந்து நின்றதில்லை, நானும் போனதில்லை. இதை வசதி என்றே நினைத்திருந்தேன். நாளைக்கு யாராவது வந்து நின்றால், "ஆப்ல போடுங்களேன், உடனே வந்துடும்" என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.